தோட்டச் சபையில் செய்தி கொடுக்கப் போகிறவர்களுக்கு: திங்கள் முதல் ஞாயிறு வரை

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தோட்டச் சபைகளுக்கு எல்லா ஞாயிறும் ஆயர் வர முடியாது. ஒருவருடைய பொறுப்பில் பல ஆலயங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே அரை நாள் ஆகிவிடும். அவர் வராத ஞாயிறுகளில் உபதேசியாரோ, பள்ளி ஆசிரியையோ, வாலிபர் சங்கத்துத் தம்பியோ பீடத்தில் நின்று செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக நிற்கிறவர்களுக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். அவர்கள் தடுமாறுவது வேலையின் வரிசையில். முதலில் ஒரு கதை மனதுக்குப் பிடித்துவிடும். அதற்கு ஒரு வசனம் தேடுவார்கள். என்ன சொல்ல வந்தோம் என்பதை ஞாயிறு காலையில் யோசிப்பார்கள். வேலை இதற்கு நேர் எதிராக நடக்க வேண்டும். மத்தேயு 20:1-16, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமையை உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம். காலை முதல் மாலை வரை வெவ்வேறு நேரத்தில் வேலைக்கு வந்த எல்லாருக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார்; முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். இதுதான் கதை.

1. ஒத்துக்கொள்ளும்போதே கேட்க வேண்டியவை

எந்த ஆலயம், எத்தனை மணி, அன்றைக்குரிய வேதபாடம் எது, செய்திக்கு எவ்வளவு நேரம், திருவிருந்தோ ஞானஸ்நானமோ உண்டா என்று கேளுங்கள். திருவிருந்து உள்ள ஞாயிறில் இருபத்தைந்து நிமிடம் பேசினால் சபையார் தவிப்பார்கள்; பதினைந்து போதும். அந்த வாரம் சபையில் சாவு, விபத்து, வேலைநிறுத்தம் ஏதாவது நடந்ததா என்றும் விசாரியுங்கள். துக்க வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் சிரிக்கவைக்கிற கதையோடு தொடங்கினால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் அன்றைய வேதபாடங்கள் அல்மனாக்கில், அதாவது திருச்சபை நாட்காட்டியில், இருக்கும்: பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம். மூன்றையும் ஒரே செய்திக்குள் திணிக்க வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு வசனத்தை எடுக்கும் பழக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. நமக்குப் பிடித்த பத்து வசனங்களையே சுற்றிச் சுற்றி வருவோம். சபை வேதத்தின் பெரும்பகுதியைக் கேட்காமலே போய்விடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மொழிபெயர்ப்பு. 1995-இல் வந்த திருவிவிலியம் எளிதாகக் கிடைக்கும். ஒரு நோட்டு. இருந்தால் ஒரு ஒத்தவாக்கியம் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் புத்தகம்), ஒரு விளக்கவுரை. இவ்வளவு போதும். விளக்கவுரையை மட்டும் புதன்கிழமை வரை மூடி வையுங்கள். காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

3. திங்கள், செவ்வாய்: சத்தமாக வாசியுங்கள், கேள்வி கேளுங்கள்

பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் தெரிந்த கதைதானே என்று மனம் தாண்டிப் போய்விடும். வாய் அப்படித் தாண்டாது.

பிறகு பகுதிக்கு முன்னும் பின்னும் வாசியுங்கள். புதியவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம் இதுதான். இருபதாம் அதிகாரம் தனியாகத் தொடங்கவில்லை. பத்தொன்பதாம் அதிகாரத்தின் கடைசியில் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறான். முந்தினோர் பிந்தினோராவார்கள் என்ற வார்த்தையோடு அந்த அதிகாரம் முடிகிறது. உவமையும் அதே வார்த்தையோடுதான் முடிகிறது. அப்படியானால் இந்த உவமை பேதுருவின் கேள்விக்கு வந்த பதில். இது தெரியாமல் பேசுகிறவர்கள் இதைச் சோம்பேறிகளுக்கான புத்திமதியாக்கிவிடுகிறார்கள்.

இப்போது நோட்டில் கேள்விகளை எழுதுங்கள். பதில் தெரிய வேண்டியதில்லை. எஜமான் ஏன் ஒரே நாளில் ஐந்து தடவை சந்தைவெளிக்குப் போகிறார்? சாயங்காலம் வரை நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? ஏன் பிந்தி வந்தவர்களுக்கு முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார்? முந்தி வந்தவர்களுக்கு முதலிலேயே கொடுத்து அனுப்பியிருந்தால் சண்டையே வந்திருக்காதே? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் உவமையின் முடிச்சு இருக்கிறது. அவர்கள் பார்க்க வேண்டும் என்றே எஜமான் அப்படிச் செய்கிறார்.

உங்களுக்கு இடறுகிற இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். கேட்கிறவர்களுக்கும் அங்கேதான் இடறும்.

4. புதன்: இப்போது விளக்கவுரை

முதலிலேயே விளக்கவுரையைத் திறந்தால் அதிலுள்ளதை ஒப்பிக்கத்தான் தோன்றும். உங்கள் கேள்வி பிறக்கவே பிறக்காது. கேள்வியோடு போனால் தேவையானதை மட்டும் எடுத்து வருவீர்கள்.

இந்தப் பகுதிக்குத் தேடி எடுக்க வேண்டியவை சில. யூதர்கள் பகல் மணியை விடியலிலிருந்து எண்ணினார்கள். ஆகவே மூன்றாம் மணி நமக்குக் காலை ஒன்பது. பதினோராம் மணி மாலை ஐந்து. காலை பதினொன்று என்று நினைத்துப் பேசுகிறவர்கள் உண்டு; கதையே கெட்டுப்போகும். உவமையில் வரும் ஒரு பணம் அந்நாளைய ஒரு நாள் கூலி. அன்றாடக் கூலியை அன்றைக்கே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 சொல்கிறது. அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறான் என்பது அங்கேயே சொல்லப்படும் காரணம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குரிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவன் வீட்டில் அன்றிரவு என்ன சாப்பிடுவார்கள்? எஜமானின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

சரித்திரத் தகவலை இந்த அளவோடு நிறுத்துங்கள். கதையைத் திறக்க உதவாத தகவல் எவ்வளவு சுவையாக இருந்தாலும் நோட்டிலேயே கிடக்கட்டும்.

5. வியாழன்: ஒரே வாக்கியம்

மற்ற எல்லாப் படிகளிலும் சுமாராகச் செய்தாலும் இதில் சுமாராகச் செய்யாதீர்கள். நான் கேட்ட செய்திகளில் மனதில் நிற்காமல் போனவற்றில் பெரும்பாலானவை இந்த வாக்கியம் இல்லாமல் பேசப்பட்டவை.

சபையார் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். "தேவனுடைய அன்பு" என்பது தலைப்பு. அது வாக்கியம் ஆகாது. "நாம் உண்மையாய் உழைக்க வேண்டும்" என்பது வாக்கியம்தான், ஆனால் இந்தப் பகுதி அதைச் சொல்லவில்லை. "பிந்தி வந்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுக்கிற தேவனைப் பார்த்து, முந்தி வந்த நாம் முறுமுறுக்காமல் சந்தோஷப்பட வேண்டும்." இது இந்தப் பகுதியிலிருந்து மட்டும் வருகிற வாக்கியம்.

சோதித்துப் பார்க்க இரண்டு வழி. இதே வாக்கியத்தை வேறு எந்தப் பகுதியிலிருந்தும் எடுக்க முடியுமா? முடியும் என்றால் இன்னும் தோண்டவில்லை என்று அர்த்தம். அடுத்தது, இதை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவர்கள் "அப்படின்னா?" என்று கேட்டால் வாக்கியம் இன்னும் தெளியவில்லை.

வாக்கியம் கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். வியாழன் இரவு கிடைக்காவிட்டால் மறுபடியும் பகுதியை வாசியுங்கள், ஜெபியுங்கள், தூங்குங்கள். கதை தேடப் போய்விடாதீர்கள்.

6. கேட்கப்போகிறவர்களை ஒவ்வொருவராக நினையுங்கள்

அதே வாக்கியம் ஊட்டியில் ஓய்வுபெற்ற அலுவலர்கள் நிறைந்த சபையில் ஒரு விதமாகவும், தோட்டத்து லைன் வீடுகளுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) நடுவே உள்ள சபையில் வேறு விதமாகவும் விழும்.

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. பிறகு அவை டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயின. அந்தக் குடும்பங்கள் இந்த மலைக்குப் பிந்தி வந்தவர்கள். அவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் வேலை செய்கிற தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இப்போது முந்தி வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார்? இந்த ஒரு கேள்வியைச் சபையில் கேட்டாலே உவமை கூடலூருக்கு வந்துவிடும்.

ஆனால் இந்தப் பகுதியைத் தோட்டத்தில் பேசும்போது ஒரு ஆபத்து உண்டு. கூலியைப் பற்றி வாய் திறக்காதீர்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்ளுங்கள் என்று இயேசு சொன்னதாகச் சிலர் பேசிவிடுகிறார்கள். இது அநியாயம். உவமையில் எஜமான் யாருடைய கூலியையும் குறைக்கவில்லை. பேசினதை முழுதாகக் கொடுத்தார், மற்றவர்களுக்கு அதிகமாகக் கொடுத்தார். பிடித்தம் செய்யப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எழுதப்பட்டிருப்பதும் இதே புதிய ஏற்பாட்டில்தான். நாள் முழுக்க முதுகு வளைந்து கொழுந்து எடுத்தவர்கள் முன்னால் நிற்கும்போது, வேதம் சொல்லாத பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

7. முடிவை முதலில் எழுதுங்கள்

வெள்ளிக்கிழமை, கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன சொல்வீர்கள் என்பதை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். போய்ச்சேரும் இடம் தெரிந்தால்தான் நடுவில் எதை விடுவது, எதை வைப்பது என்று தெரியும். முடிவு எழுதாதவர்கள் "கடைசியாக ஒன்று" என்று மூன்று தடவை சொல்வார்கள். இறங்க வழி தெரியாததால் வருகிற வினை அது.

முடிவில் ஒரு காரியத்தைக் கேளுங்கள், செய்யக்கூடியதாக இருக்கட்டும். "நாம் மாற வேண்டும்" என்றால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். "இந்த வாரம் பக்கத்து லைனில் புதிதாக வந்திருக்கிற குடும்பத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றால் செய்கிறவர்கள் செய்வார்கள்.

8. நடுப்பகுதி

மூன்று தலைப்பு இருந்தே ஆக வேண்டும், மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பகுதி இரண்டாகப் பிரிந்தால் இரண்டு போதும். உவமைக்குக் கதையின் ஓட்டமே வரிசை: சந்தைவெளி, கூலி கொடுக்கும் நேரம், முறுமுறுப்பு, எஜமானின் பதில். அந்த நான்கு இடங்களில் நின்று நின்று போங்கள். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்ற வரியில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். வேலை கிடைக்காமல் நின்ற அனுபவம் உள்ளவர்கள் சபையில் இருப்பார்கள்.

வேறு வசனங்களை அடுக்காதீர்கள். குளிரில் விறைத்த விரல்களோடு ஐந்தாறு இடம் புரட்டவைத்தால் பாதிப் பேர் பக்கத்திலேயே தங்கிவிடுவார்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமத்தில் புத்தகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதே பாடு. ஒன்றிரண்டு போதும், அதையும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

9. உதாரணங்கள்

இப்போதுதான் கதைக்கு வேளை வந்திருக்கிறது. வாக்கியத்துக்கு வெளிச்சம் தருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டு ராஜா, பெரும் பணக்காரர், விமானத்தில் வந்த பிரயாணி இவர்கள் கதை எல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவை. நம் ஆட்களுக்குத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கைத் தராசில் ஏற்றியதும் எல்லார் கண்ணும் எண்ணில் நிற்கும். மழை ஈரத்துக்கு என்று இத்தனை கிலோ கழிப்பார்கள். தன் கழிவைப் பார்த்துவிட்டு, உடனே அடுத்தவளுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கழுத்து திரும்பும். அவளுக்குக் குறைவாகக் கழித்தால் நெஞ்சில் ஒரு குத்து. நான் தாராளமாகக் கொடுப்பதால் உனக்குப் பொறாமையா என்று உவமையின் முடிவில் எஜமான் கேட்கிற கேள்வி அந்தக் குத்தைப் பற்றியதுதான். இதை ஒரு நிமிடம் சொன்னால் போதும், விளக்கம் தேவைப்படாது.

கேள்விப்பட்டதை விசாரிக்காமல் சொல்லாதீர்கள். கழுகு நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துப் புது அலகு வளரக் காத்திருக்கும் என்ற கதை வாட்ஸ்அப்பிலும் பீடங்களிலும் சுற்றுகிறது. எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை; அலகு உடைந்தால் பட்டினி கிடந்து செத்துப்போகும். ஒட்டகம் நுழைவதைப் பற்றி இயேசு சொன்ன ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசல் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பள்ளியில் அறிவியல் படிக்கிற ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன சுவிசேஷத்தையும் சேர்த்துச் சந்தேகப்படும்.

சபையில் ஒருவர் உங்களிடம் அந்தரங்கமாகச் சொன்னதைப் பெயரை மறைத்தும் சொல்லக்கூடாது. நாற்பது குடும்பம் உள்ள தோட்டத்தில் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

சமவெளியிலிருந்து வருகிற தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. "இயற்கை எழில் கொஞ்சும் இந்த மலையில்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் ரசிக்கிற சரிவில் மழையில் வழுக்கி விழுந்து கால் உடைந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

10. தொடக்கம் கடைசியில்

எதை அறிமுகப்படுத்தப் போகிறோம் என்று தெரிந்த பிறகே அறிமுகம் எழுத முடியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நன்றியறிவிப்பு, என் தகுதியின்மை, வரும் வழியில் பஸ் கிடைக்காதது, இவற்றில் ஒன்றும் வேண்டாம். நேராகப் பகுதியின் கேள்விக்குப் போங்கள்.

11. சனிக்கிழமை: வாய்விட்டு ஒரு முறை

முழுவதையும் எழுதிப் பாருங்கள்; ஆனால் பீடத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். முழுப் பிரதியைக் கொண்டுபோனால் கண் தாளைவிட்டு எழும்பாது. தாளில் ஒரே வாக்கியம் மேலே, நடுவில் நான்கைந்து குறிப்பு, முடிவு மட்டும் முழுதாக. எழுத்து பெரிதாக இருக்கட்டும். மூடுபனி நாளில் ஆலயத்துக்குள் வெளிச்சம் குறைவு.

கைபேசியில் நேரம் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வாய் இடறுகிற வாக்கியத்தை உடையுங்கள். எழுதும்போது நன்றாகத் தெரிகிற "கிருபாசனத்தண்டை சேருவோமாக" மாதிரி நடை பேசும்போது ஒட்டாது. வேதவசனம் வேதத்தின் தமிழில் இருக்கட்டும். உங்கள் வார்த்தை நீங்கள் வீட்டில் பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையான பேச்சுத் தமிழில் இருக்கட்டும்.

ஆவியானவர் அந்நேரத்தில் தருவார், ஆயத்தம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் மத்தேயு 10:19-ஐக் காட்டுவார்கள். அது அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன்பாகப் பிடித்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல். ஆறு நாள் அவகாசம் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. திங்கட்கிழமை மேசையிலும் ஆவியானவர் உதவி செய்வார். அங்கேயும் கேளுங்கள்.

12. ஞாயிறு காலை

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். பீடத்தில் நின்று கடைசி வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சின்ன ஆலயத்தில் மைக்கே வேண்டாம், எதிரொலிதான் மிஞ்சும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

தகரக் கூரை உள்ள ஆலயத்தில் மழைதான் பெரிய சோதனை. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் வெளுத்து வாங்கும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. கத்தாதீர்கள். நிறுத்துங்கள், எல்லாருக்கும் தெரிந்த ஒரு கீர்த்தனையைப் பாடச் சொல்லுங்கள். மழை குறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். குறையவே இல்லையென்றால் எட்டு நிமிடத்துக்குச் சுருக்கிய வடிவம் கையில் இருக்க வேண்டும்: பகுதி, ஒரே வாக்கியம், கொழுந்து நிறுக்கிற காட்சி, முடிவு. ஜனங்களை முன்வரிசைக்கு வரச் சொல்லிவிட்டு நீங்களும் பீடத்தைவிட்டு இறங்கிப் பேசுங்கள்.

13. பேசும்போது

வேதபாடத்தை முதலில் நன்றாக வாசியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு அந்த வாரம் கிடைக்கிற வேதம் அந்த வாசிப்பு மட்டும்தான். எஜமானின் குரல் வேறு, முறுமுறுக்கிறவர்களின் குரல் வேறு என்று காதில் பிரிந்து கேட்க வேண்டும். நாடகம் போட வேண்டாம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாலே போதும்.

ஒரே வாக்கியத்தை மூன்று முறையாவது அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வார்த்தையை மாற்றி மாற்றிச் சொன்னால் அது வேறொரு கருத்து என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வராதவர்களைத் திட்டாதீர்கள். அதைக் கேட்பவர்கள் வந்தவர்கள். ஒருவரைக் குறிவைத்து, அவர் இருக்கும் பக்கம் பார்த்தே பேசாதீர்கள். அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் வீட்டில் போய்ச் சொல்லுங்கள். அடுத்தது என்னவென்று தெரியாதபோது "அல்லேலூயா சொல்லுங்கள்" என்று இட்டுநிரப்பாதீர்கள். துதி, துதிக்கத் தோன்றும்போது எழும்பட்டும். அடுத்தது மறந்துவிட்டால் மௌனமாகத் தாளைப் பாருங்கள். உங்களுக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த இடைவெளி சபைக்கு மூச்சு விடும் நேரம்.

சொன்ன நேரத்தில் முடியுங்கள். மாலை ஆராதனையில் இது இன்னும் முக்கியம். இருட்டிவிட்டால் தேயிலைக்கு நடுவே நடந்துதான் லைனுக்குப் போக வேண்டும். காட்டெருமையும் கரடியும் நடமாடுகிற நேரம். கடைசி பஸ்ஸை விட்டவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. மணி பார்க்கத் தொடங்கிய தாயின் காதில் உங்கள் முடிவு விழாது.

14. இறங்கிய பிறகு

"செய்தி நல்லா இருந்தது" என்று கைகொடுப்பார்கள். நன்றி சொல்லுங்கள், ஆனால் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் ஒரு வயதான அம்மாவையும் தனியாகக் கேளுங்கள்: "இன்னிக்கு என்ன கேட்டீங்க?" கதையை மட்டும் சொன்னால் உதாரணம் வாக்கியத்தை மறைத்துவிட்டது. வாக்கியத்தைத் தங்கள் சொந்த வார்த்தையில் சொன்னால் அது சேர்ந்துவிட்டது. அவர்கள் சொன்னதை அன்றிரவே குறிப்புத்தாளின் பின்பக்கம் எழுதி, தேதியும் ஆலயத்தின் பெயரும் போட்டு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதம் வேறொரு தோட்டத்தில் இதே பகுதியைப் பேச வேண்டி வந்தால் முதல் பக்கத்தைப் பார்க்குமுன் அந்தப் பின்பக்கத்தைப் பாருங்கள். திருத்த வேண்டிய இடம் அதில் இருக்கும்.